ஓரகத்தியும் ஜப்பான் எழுத்தும்

ஜப்பானிய வகுப்பில் முதலில் சேர்ந்தது நான்தான். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் இப்போதும் இதைச் சொல்லிவிடுவேன். கேட்பவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை என்று தெரியும். எனக்குப் பொருட்டு.

கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதித் தரும் கையேடுகளைத் தட்டச்சு செய்து, பக்கம் பிரித்து, படங்களை இடம் பார்த்து வைக்க வேண்டும். நாகர்கோவிலில் கல்லூரிப் படிப்போடு சேர்த்தே தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு ஹையர் முடித்தவள் நான். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த பிறகு மலையாளத் தட்டச்சையும் படித்துக்கொண்டேன். முகம், நிறம், குரல் எதிலும் எனக்குப் பெரிய கர்வம் கிடையாது. விரலில் உண்டு.

கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வந்தபோது, மொழி படிப்பவர்களை அந்தக் குழுவுக்கு மாற்றுவோம் என்று மேனேஜர் சொன்னார். இருபது வயதுப் பிள்ளைகள் கை தூக்கினார்கள். நாற்பதைத் தாண்டிய நானும் தூக்கினேன்.

தம்பானூரில், ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், கீழே ஓட்டலும் நடுவில் லாட்ஜும் இருக்கும் கட்டடத்தின் மேல்மாடியில் ஞாயிறுதோறும் வகுப்பு. ஜன்னலைத் திறந்தால் ரயில் அறிவிப்பு காதை அடைக்கும். மூடினால் பரோட்டா மணம் அறைக்குள்ளேயே சுற்றும். டீச்சர் என்னைவிட வயதில் சின்னவர். ஒசாகாவில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய மலையாளிப் பெண்.

முதல் நாள் அவர் பலகையில் எழுத்துகளை எழுதி வாசிக்கச் சொன்னார். அ, இ, உ, எ, ஒ. அடுத்த வரிசை க, கி, கு, கெ, கொ. அதற்கடுத்தது ச, பிறகு த, ந. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கேயோ கடல் தாண்டிப் போனால் அங்கேயும் ஒன்றாம் வகுப்பு அட்டையை மாட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த எஞ்சினியர் பையன்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, நான் அந்த வாரமே ஹிரகானா என்ற அந்த எழுத்து வரிசை முழுவதையும் பார்க்காமல் எழுதினேன். அடுத்த ஞாயிறு டீச்சர் என் தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். அன்றைக்குப் பேருந்தில் நின்றுகொண்டே வீடு வந்தேன். உட்கார இடமிருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

எங்கள் வீடு கரமனையில். மாமியார், என் கணவர், அவருடைய தம்பி, தம்பியின் மனைவி, நான். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். அண்ணனும் தம்பியும் சாலை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் அடுப்பு, அலமாரி, துணி காயப்போடும் கொடி எல்லாமே இரண்டு மருமகள்களுக்கும் பொது. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் பொது இல்லை. அது எனக்கு மட்டும்.

என் ஓரகத்தி என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவள். திருவனந்தபுரத்திலேயே பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் தமிழ் எழுதவோ வாசிக்கவோ தெரியாது. கல்யாணப் பத்திரிகை வந்தால், 'அக்கா, இது என்ன எழுதியிருக்கு?' என்று என்னிடம் நீட்டுவாள். வாசித்துக் காட்டுவதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இதற்கு மேல் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். அவள் ஒரு மெடிக்கல் ஸ்டோரில் பார்மசிஸ்ட். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்தே பழகிய கண்.

வகுப்பு தொடங்கிச் சில வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிறு காலை நான் புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தபோது அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நானும் கூட வரட்டே? சும்மா ஒரு நாள் வந்து பாக்கேன்."

"உனக்கு எதுக்குடி ஜப்பான் பாஷை? மருந்துச் சீட்டெல்லாம் இனி ஜப்பான்லயா வரப்போவுது?"

"அங்ஙன ஒண்ணும் இல்ல. ஒரு ரசம், அவ்வளவுதான்." மலையாளத்தில் ரசம் என்றால் வேடிக்கை.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "கூட்டிட்டுப் போயேன் மக்களே, துணைக்கு ஆச்சுல்லா" என்றார். எனக்கு எதற்குத் துணை? ஆனால் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு நாள் பார்க்க வந்தவள், அன்று சாயங்காலமே சேர்ந்துவிட்டாள்.

முதல் அடி எனக்கு எழுத்திலிருந்து விழவில்லை, கோட்டிலிருந்து விழுந்தது. ஜப்பான் எழுத்தில் 'க' வரிசைக்கு ஓரத்தில் இரண்டு சின்னக் கோடு போட்டால் 'அங்கே' என்பதில் வரும் மெல்லிய 'க' ஆகிவிடும். 'த' வரிசைக்குப் போட்டால் 'பந்து' என்பதில் வரும் 'த'. நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து. இடத்தைப் பார்த்து நாக்கு தானாக மாற்றிக்கொள்ளும். வாழ்நாள் முழுவதும் அப்படியே வாசித்தும் எழுதியும் வந்தவள் நான். வகுப்பில் வார்த்தைகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்வேன். மலையாளத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து. அவள் மலையாளத்தில் எழுதி வைத்துக்கொள்வாள்.

டீச்சர் ஒரு நாள் டிக்டேஷன் போட்டார். தங்கம் என்று ஒரு வார்த்தை, வெள்ளி என்று ஒரு வார்த்தை. என் குறிப்பில் தங்கத்துக்கும் 'கின்' என்று இருந்தது, வெள்ளிக்கும் 'கின்' என்று இருந்தது. நான் இரண்டையும் தங்கமாகவே எழுதிக் கொடுத்தேன். 'இன்றைக்கு வானிலை நன்றாக இருக்கிறது' என்ற வாக்கியத்தை 'இன்றைக்கு மின்சாரம் நன்றாக இருக்கிறது' என்று எழுதியிருந்தேன், அந்த வார்த்தைகளுக்கும் அந்த இரண்டு கோடுதான் வித்தியாசம். டீச்சர் சிரித்துவிட்டு, "கேரளத்தில் அதுவும் சொல்ல வேண்டிய விஷயம்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் ஓரகத்தியின் தாளில் ஒரு சிவப்புக் கோடு இல்லை.

"அக்காக்கு அந்த ரெண்டு கோடு மட்டுந்தான் மாறிப்போச்சு, கேட்டோ. பாக்கி எல்லாம் சரிதான்" என்று பேருந்தில் என்னைத் தேற்றினாள். அவள் தேற்றாமல் இருந்திருக்கலாம்.

என் தமிழ்மேல் எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபம் வந்தது. வாசிக்கத் தெரியாத அவளுக்கு நான் வாசித்துக் காட்டிய தமிழ். அது என்னை இப்படி நடுத்தெருவில் விடும் என்று நினைக்கவில்லை.

பிறகு காஞ்சி வந்தது. சீன எழுத்துகளை ஜப்பானியர்கள் எடுத்து வைத்திருப்பதற்கு அந்தப் பெயர். ஊர் பெயர் போல இருக்கிறதே என்று முதலில் பிடித்திருந்தது. அந்தப் பிடித்தம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் ஒரு படம். எந்தக் கோட்டை முதலில் இழுக்க வேண்டும் என்று வரிசை உண்டு. ஒரே எழுத்துக்கு இந்த வார்த்தையில் ஒரு உச்சரிப்பு, அந்த வார்த்தையில் வேறு உச்சரிப்பு. எழுத்துக் கூட்டி வாசித்துப் பழகியவளுக்கு, கூட்டுவதற்கே ஒன்றும் இல்லாத எழுத்து எப்படி இருக்கும்? பூட்டின வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது.

அவளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தால் விரலால் எழுதுவாள். மருந்து அட்டைப்பெட்டியைப் பிரித்து, பின்பக்கம் முழுக்க எழுதி வைப்பாள். குக்கர் விசில் வரக் காத்திருக்கும்போது காற்றில் விரல் ஆடும். மாமியார் அந்த அட்டை ஒன்றை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எளையவ எழுத்தப் பாத்தியா மக்களே? கோலம் போட்டாப்புல இருக்கு."

"பார்த்தேன் அத்தை."

"நீயும் எழுதுவேல்லா?"

"நான் தட்டச்சுல அடிப்பேன் அத்தை" என்றேன்.

என் நம்பிக்கை எல்லாம் அதில்தான் இருந்தது. கையால் எழுதுவதில் அவள் முந்தட்டும், விசைப்பலகை என்று வரும்போது பார்க்கலாம் என்று காத்திருந்தேன்.

அங்கேயும் நான் நினைத்தது நடக்கவில்லை. தமிழ் மெஷினில் எந்த விசையைத் தட்டினால் என்ன விழும் என்று எனக்குத் தெரியும். புள்ளியை முதலில் தட்டி அதன் கீழே எழுத்தைக் கொண்டுவருகிற அந்தப் பழக்கம் இன்னும் விரலில் இருக்கிறது. தட்டுகிறவள் நான், விழுகிறது என் எழுத்து. ஜப்பானியத் தட்டச்சில் ஒலியை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். அது ஹிரகானாவாக மாறி அடிக்கோட்டோடு நிற்கும். இடைவெளி விசையைத் தட்டினால் அதே ஒலியுள்ள காஞ்சிகள் வரிசையாக வந்து, 'இதுவா, இதுவா' என்று கேட்கும். நாம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரல் வேகத்துக்கு அங்கே மரியாதை கிடையாது. கண் நின்று நிதானித்து முடிவு செய்தால்தான் அடுத்த வார்த்தை.

அவள் போனில் மலையாளத்தையே ஆங்கில எழுத்தில் அடித்து, வருவதில் ஒன்றைத் தொட்டுப் பழகியவள். அவளுக்கு இது புதிதாகவே தோன்றவில்லை. போதாததற்கு ஜப்பானியர்கள் போனில் அடிக்கும் முறையையும் பிடித்துவிட்டாள். 'க' என்ற கட்டத்தைத் தொட்டு இடப்பக்கம் இழுத்தால் 'கி', மேலே இழுத்தால் 'கு', வலப்பக்கம் 'கெ', கீழே 'கொ'. மெடிக்கல் ஸ்டோரிலிருந்து வந்து சோபாவில் சாய்ந்தபடி ஒரே கட்டைவிரலால் அடிப்பாள். என் பத்து விரலும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் அலுவலகம் போகும் வழியில், உள்ளூர் ஜங்ஷன் பக்கம் பேருந்து நெரிசலில் நின்றபோது, பொறாமைக்கு ஜப்பானில் என்ன என்று போனில் தேடினேன். 'ஷித்தோ' என்று வந்தது. இரண்டு காஞ்சி. இரண்டிலும் இடப்பக்கம் பெண் என்ற எழுத்து உட்கார்ந்திருந்தது. ஒன்றில் பெண்ணும் நோயும், மற்றதில் பெண்ணும் கல்லும். பேருந்திலேயே எனக்குச் சுருக்கென்றது. ஆண்களுக்குப் பொறாமை வராதா? சாலை பஜாரில் பக்கத்துப் பாத்திரக்கடையில் கூட்டம் கூடினால் என் கணவர் முகம் போகிற போக்கை எழுதினவன் பார்த்திருக்க வேண்டும். நம் மொழியில் பொறாமை என்றால் பொறுக்க முடியாமை, அவ்வளவுதான். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. அன்றைக்குத் தமிழ்மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

அந்த வருஷக் கடைசியில் இரண்டு பேரும் சென்னை போய் முதல் நிலைத் தேர்வு எழுதினோம். இரண்டு பேரும் பாஸ். அவள் மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு என்னுடையது பாஸாகவே தெரியவில்லை. இருந்தாலும் அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு, ஜப்பான் தரப்புக்கு என்னைப் பற்றி நாலு வரி அறிமுகம் எழுதி அனுப்பச் சொன்னார்கள். சரியாக அமைந்தால் குழுவில் இடம். யாரிடமும் காட்டாமல் நானே எழுதினேன். குறிப்பாக அவளிடம் காட்டவில்லை. பெயர், ஊர், குடும்பம், 'கல்லூரிக்குப் பிறகு இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன், இத்தனை வருஷமாக ஆவண வேலை செய்கிறேன்', எல்லாம். அனுப்பியும் விட்டேன்.

இரண்டு நாளில் மிக மரியாதையாகப் பதில் வந்தது. வழியில் நேர்ந்த சிரமங்களைக் கடந்து இத்தனை காலம் உழைத்து வருவதை மனதார மதிக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். என்ன சிரமம் என்று எனக்கே புரியவில்லை. பதிலையும் என் அறிமுகத்தையும் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்த மேனேஜர் என்னை அழைத்துக் குரலைத் தாழ்த்தி, "மேடம், நீங்க டிகிரி முடிக்கலையா? ஃபைலில் சர்டிபிகேட் இருக்கே?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வேறு வழியில்லாமல் அவளிடம் போனை நீட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தாள். கல்லூரி என்பதற்கான வார்த்தையின் முதல் எழுத்து, 'பந்து'வில் வரும் 'த'. நான் என் தமிழ்க் குறிப்பைப் பார்த்து அதைத் 'தண்ணீர்' த-வாக அடித்திருந்தேன். அந்த ஒலிக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது. படிப்பைப் பாதியில் விடுவது. இயந்திரம் அதை நீட்ட, நான் சரி என்று தொட்டுவிட்டேன். ஆக, 'படிப்பைப் பாதியில் விட்ட பிறகு இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன்' என்று நானே கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"சாரி அக்கா. சத்தியமா கிண்டல் இல்ல."

"நீ எதுக்குடி அந்த கிளாஸுக்கு வந்தே?" என்று கேட்டேன். சமையலறையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. "உனக்கு வேலைக்கு வேணாம், ஜப்பானுக்கும் போகப் போறதில்ல. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதுலயும் ஏன் வந்தே?"

அவள் கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிண்டினாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை மட்டும் அக்கா முகம் வேற மாதிரி இருக்கும்" என்றாள். "வீட்டுக்குள்ள கேறி வரும்போ அப்படி ஒரு தெளிச்சம். அங்க போனா என்னதான் கிடைக்குதுன்னு எனக்கு ஒண்ணு பாக்கணும்னு தோணிச்சு. அதுக்கு வந்ததுதான்."

இத்தனை வருஷம் கூட இருக்கும் என் கணவர் அந்த முகத்தைக் கவனித்ததில்லை. கவனித்தவள் இவள். அதற்காக அவளைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதில் இருந்ததையும் எடுத்துக்கொண்டாள் என்றுதான் தோன்றியது.

"குழம்புல உப்பு பார்த்தியா?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

குழுவில் இடம் எனக்குக் கிடைக்கவில்லை. கம்பெனி வெளியிலிருந்து ஆள் தேடியது. எங்கள் வகுப்பு டீச்சரிடமும் கேட்டிருக்கிறார்கள். டீச்சர் அவள் பெயரைச் சொல்லிவிட்டார். அந்தச் செய்தி என் வழியாக வந்திருந்தால் நான் எப்படிச் சொல்லியிருப்பேன், எத்தனை நாள் கழித்துச் சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அந்த வாய்ப்புகூட எனக்கு வரவில்லை. டீச்சர் நேராக அவளுக்கே போன் செய்துவிட்டார்.

"அக்கா வேண்டாம்னு சொன்னா நான் போகல" என்றாள். மாமியாரும் இரண்டு ஆண்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் எதுக்கு வேண்டாம்னு சொல்லப்போறேன்? நல்ல வேலை. போ" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. ஆனால் சொன்னேன்.

அதிலிருந்து தினமும் கிழக்கேகோட்டையில் இரண்டு பேரும் ஒரே பேருந்து ஏறினோம். அவளுக்கு என் மாடிக்கு மேல்மாடி. முதல் மாதம் கேண்டீனில் தனியாக உட்கார்ந்தேன், வேலை இருப்பதாகச் சொல்லி. அவள் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கே வந்துவிடுவாள். அவள் எழுதிய ஜப்பானியக் கையேடுகள் பக்கம் பிரிக்க என்னிடம்தான் வரும். ஒவ்வொரு வரியையும் பிழை தேடி வாசிப்பேன். பிழை இருக்காது. ஆனால் அப்படித் தேடித் தேடி வாசித்ததில், எனக்கே தெரியாமல் காஞ்சி பழகிப்போனது. கையால் எழுத இன்றும் வராது. பார்த்தால் தெரியும். இயந்திரம் நீட்டும் வரிசையில் எது சரி என்று கண் முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தது. என் குறிப்புகளிலும் தமிழை விட்டுவிட்டேன். ஹிரகானாவிலேயே எழுதினேன், அந்த இரண்டு கோட்டோடு.

ஜப்பானிலிருந்து இரண்டு பேர் நேரில் வந்தபோது அவள்தான் அலுவலகத்தைச் சுற்றிக் காட்டினாள். எங்கள் பிரிவுக்கு வந்தார்கள். என் மேஜை அருகே நின்று, என்னைக் காட்டி, "அனெ தெஸ்" என்றாள். என் அக்கா. அண்ணி, ஓரகத்தி போன்ற உறவுகளுக்கு முன்னால் 'கிரி' என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். கடமையால் வந்த உறவு என்று பொருள். அவள் சேர்க்கவில்லை. அவர்கள் குனிந்து வணங்கினார்கள். நானும் எழுந்து குனிந்தேன். ஒருவர் ஜப்பானியத்தில் கேட்டார், இந்தக் கையேடுகளின் பக்க அமைப்பு உங்களுடையதா என்று. ஆமாம் என்றேன். மிகவும் தெளிவாக இருக்கிறது என்றார். எல்லாம் எனக்குப் புரிந்தது.

திரும்பும்போது பேருந்தில் கேட்டேன்: "ஏன் 'கிரி' சேர்க்கல?"

"அய்யோ, மறந்துபோச்சு அக்கா. தப்பா நினைச்சிருப்பாங்களோ?"

மறந்துதான் போயிருந்தாள். நான் வேறு எதையோ எதிர்பார்த்துக் கேட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரமே அதற்கடுத்த நிலைத் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். அவள் இன்னும் எழுதாத நிலை அது. வேலை கூடிப்போய் அவளுக்குப் படிக்க நேரமில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நாகர்கோவிலில் ஒரு கல்யாணம் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறினேன். பொய்க்குத் துணையாகப் பட்டுப்புடவை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டேன். முடிவு வந்தபோது போனை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாஸ்.

அவளிடம் போனை நீட்டி, அவள் வாசிக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சின்னச் சுருக்கம், உதட்டில் ஒரு இழுப்பு, ஏதாவது வரும் என்று பார்த்தேன். அவள் கூவிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். மாமியாரை இழுத்து வந்தாள். கடைக்குப் போன் போட்டு இரண்டு ஆண்களையும் சீக்கிரம் வரச் சொன்னாள். சாயங்காலம் கேக் வாங்கி வந்து, அதன்மேல் என் பெயரைத் தானே ஜப்பானிய எழுத்தில் கிரீமால் எழுதினாள். அழகாக இருந்தது.

கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தேன். அவளுக்குக் கொடுக்கும்போது இன்னொரு முறை முகத்தைப் பார்த்தேன். பொறாமையின் சுவடே இல்லை. இத்தனை படித்த எனக்கு, அப்படி இருக்க அவளுக்கு எப்படி வருகிறது என்று மட்டும் தெரியவில்லை. நெஞ்சுக்குள் பழையபடி எரிந்தது.